எண்ணெய் சொட்டச் சொட்ட வந்த என்ஜின்: பழைய க்ளோ என்ஜின் வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

மாடல் விமானத்துக்குப் பழைய க்ளோ என்ஜின் (மெத்தனால் கலந்த எரிபொருளில் ஓடும் சின்ன என்ஜின்) வாங்கும் யோசனையில் இருந்தால், பணம் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். "முழுசா பிரிச்சு, சுத்தம் பண்ணி, திரும்ப மாட்டி, ஓட்டிப் பார்த்தது" என்று விற்றவர் சொன்ன ஒரே வார்த்தையை நம்பி வாங்கினேன். ஐந்து வாரம் அதோடு மல்லுக்கட்டினேன். ஆள்காட்டி விரலில் நான்கு தையல் போட்டார்கள். கடைசியில் பிரித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அந்த நிலையில் அதை யாரும் ஓட்டிப் பார்த்திருக்கவே முடியாது என்று.

அக்கா மகனுக்குப் பள்ளி விடுமுறை. இரண்டு பேரும் சேர்ந்து பயிற்சி விமானம் ஒன்றைச் செய்து முடித்திருந்தோம். என்ஜின் மட்டும்தான் பாக்கி. 25 அளவு, அதாவது கால் கன அங்குலம், ஏறக்குறைய 4.1 சிசி. விளம்பரத்தைப் பார்த்துக் கூப்பிட்டேன். விற்றவர் அன்பாகத்தான் பேசினார். "தம்பி, இதைச் சின்னப் பிள்ளைகூட ஸ்டார்ட் பண்ணிடும். நானே கலந்த எரிபொருள் ரெண்டு பாட்டில் சும்மாவே தர்றேன்" என்றார். புது என்ஜின் விலையில் முக்கால் பங்கு கேட்டார். ஓட்டிப் பார்த்த என்ஜின்தானே என்று கொடுத்துவிட்டேன்.

பெட்டியைத் திறந்தபோது என்ஜின் எண்ணெயில் குளித்திருந்தது. பிளாஸ்டிக் பையின் அடியில் தேன் மாதிரி கெட்டியாக ஒரு விரல் உயரத்துக்கு எண்ணெய் தேங்கி நின்றது. துருப்பிடிக்காமல் இருக்க எவ்வளவு அக்கறையாகக் கட்டியிருக்கிறார் என்றுதான் நினைத்தேன். புரொப்பல்லரை மாட்டிக் கையால் சுற்றினேன். வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு சுற்றியது. பிஸ்டன் மேலே போகும்போது நல்ல அழுத்தமும் தெரிந்தது. இந்த இரண்டும்தான் என்னை ஏமாற்றிய தடயங்கள். அன்றைக்கு எனக்கு அது தெரியாது.

க்ளோ என்ஜினில் கோளாறு வர இடமே கொஞ்சம்தான். 1940களின் கடைசியில் ரே ஆர்டன் க்ளோ பிளக்கைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு, மாடல் விமானத்தில் தீப்பொறிக்காகக் காயிலும் கண்டென்சரும் பேட்டரியும் சுமக்கிற வேலை போய்விட்டது. பிளக்கில் இருக்கும் பிளாட்டினக் கம்பிச்சுருளை 1.5 வோல்ட் கொடுத்துச் சிவக்க வைக்கிறோம். ஓட ஆரம்பித்ததும் பேட்டரியைக் கழற்றிவிடலாம். மெத்தனால் ஆவி பிளாட்டினத்தின் மேல் படும்போது நடக்கும் வேதிவினையும், உள்ளே அழுத்தத்தால் வரும் சூடும் அடுத்தடுத்த சுற்றுக்குக் கம்பியைச் சிவப்பாகவே வைத்திருக்கும். ஆகவே ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பார்க்க வேண்டியவை பிளக், எரிபொருள், காற்றுக் கசிவு, அழுத்தம், அவ்வளவுதான். இதில் பிளக்கைத் தவிர மூன்றிலும் எனக்கு வந்த என்ஜின் கெட்டிருந்தது.

பலகையில் இறுக்கி, முதல் நாள் புரொப்பல்லரைக் குச்சியால் தட்டி ஸ்டார்ட் செய்து பார்த்தேன். பிளக்கைக் கழற்றி வெளியே வைத்துப் பார்த்தால் நல்ல ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்தது. எரிபொருள் குழாயில் வந்தது. இரண்டு விநாடி சீறும், நின்றுவிடும். நண்பரின் மின் ஸ்டார்ட்டரை இரவல் வாங்கி ஓட்டினால் முக்கால் நிமிடம் ஓடும். அப்புறம் வேகம் மெதுவாக இறங்கும், அணைந்துவிடும். சூடாக இருக்கும்போது திரும்ப ஸ்டார்ட் செய்யவே முடியாது. ஆறின பிறகு முதலிலிருந்து அதே கதை. எரிபொருள் அளவைத் திருகிச் சரிசெய்யும் ஊசி வால்வை எங்கே வைத்தாலும் நிலையாக நிற்காது. ஒரு தடவை இரண்டு சுற்றில் பிடித்தால், அடுத்த தடவை மூன்றில்கூடப் பிடிக்காது.

விற்றவருக்குப் போன் செய்தேன். "ஊசியை நாலு சுற்று திறந்து விடுங்க, சைலன்சர் வழியா நாலு சொட்டு ஊத்துங்க" என்றார். செய்தேன். அடுத்த தடவை, "குச்சியெல்லாம் எதுக்கு, விரல்ல தட்டினாத்தான் என்ஜினோட மூச்சு புரியும்" என்றார். அதற்கு அடுத்த தடவை, "தம்பி, உங்களுக்குக் கை பழகலை. என்ஜின் மேல பழி போடாதீங்க" என்று வைத்துவிட்டார். எனக்கு அது உண்மையாகவே பட்டது. முதல் என்ஜின், நமக்குத் தெரியவில்லை போல என்று எண்ணி, இரவெல்லாம் உட்கார்ந்து ஊசியைக் கால் கால் சுற்றாகத் திருகிப் பார்த்துக் குறித்து வைத்தேன். மூன்று பிளக் எரிந்தது. அதைவிட எனக்கு வலித்தது, பையன் "பரவாயில்ல மாமா, நாளைக்குப் பார்க்கலாம்" என்று என்னைத் தேற்றியது.

விரல் கிழிந்தது நான்காவது வாரம். அவர் சொன்னபடி ஊற்றி ஊற்றி, சிலிண்டர் நிறைய எரிபொருள் சேர்ந்திருந்தது. திரவம் நிறைந்த சிலிண்டரில் பிஸ்டன் மேலே போக முடியாது. அப்போது பலவந்தமாகச் சுற்றவே கூடாது. பிளக்கைக் கழற்றி, முகத்தை விலக்கிக்கொண்டு, உள்ளே இருப்பதைச் சுற்றி வெளியேற்ற வேண்டும். நான் அழுத்தித் தட்டினேன். என்ஜின் எதிர்த்திசையில் உதைத்தது. 9 அங்குல நைலான் புரொப்பல்லர் விரலைக் கிழித்துவிட்டுப் போல்ட்டோடு கழன்று சுவரில் போய் மோதியது. பையன் அன்றைக்கு என் பின்னால் நின்றிருந்தான். பக்கவாட்டில், புரொப்பல்லர் சுற்றும் தளத்தில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

கட்டுப் போட்ட விரலோடு, பல வருடமாக விமானம் விடும் பெரியவர் ஒருவரிடம் என்ஜினைக் கொண்டுபோனேன். அவர் ஊசியைத் தொடவில்லை, பிளக்கைக் கேட்கவில்லை. முதலில் கழுவினார். பிளக்கைக் கழற்றி, உள்ளே சுத்தமான மெத்தனால் ஊற்றி, சுற்றி, கொட்டி, மறுபடி ஊற்றி, மூன்று தடவை. வெளிக்காற்றில் உலர விட்டார். பிளக்கைத் திரும்பப் போட்டு என் கையில் கொடுத்து, "இப்பச் சுத்துங்க" என்றார்.

அழுத்தமே இல்லை. மேலே போகும்போது 'ஸ்ஸ்' என்று காற்று பிஸ்டன் ஓரமாக இறங்கும் சத்தம் காதுக்குக் கேட்டது. கூடவே, அதுவரை வெண்ணெயாக இருந்த சுழற்சியில் இப்போது மணலைத் தேய்க்கிற மாதிரி ஒரு கரகரப்பு. அந்தக் கெட்டி எண்ணெய் இரண்டு வேலை செய்திருக்கிறது. தேய்ந்துபோன பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் நின்று அழுத்தம் இருப்பதாகக் காட்டியது. துருவேறிய பேரிங்கின் கரகரப்பை மூடி மறைத்தது. "நாலு சொட்டு ஊத்துங்க" என்று போனில் சொன்னதும் அதற்குத்தான். ஈரம் இருக்கும் வரை நாலு விநாடி பிடிக்கும்.

இது ஏபிசி வகை என்ஜின். அலுமினிய பிஸ்டன், குரோமியம் பூசிய பித்தளை சிலிண்டர், பிஸ்டனில் ரிங் கிடையாது. இந்த வகையில் சிலிண்டர் மேல்பக்கம் சற்றே குறுகலாக இருக்கும். ஆறியிருக்கும்போது பிஸ்டன் உச்சியில் கவ்விப் பிடிக்க வேண்டும்; புது என்ஜின் என்றால் கிறீச்சென்று சத்தம்கூட வரும். ஓடிச் சூடானதும் சிலிண்டர் பிஸ்டனைவிடச் சற்று அதிகமாக விரிந்து, அந்தக் கவ்வல் சரியான இடைவெளியாக மாறும். அதாவது ஆறியிருக்கும் ஏபிசி என்ஜின் வழுக்கிக்கொண்டு சுற்றினால் அது நல்ல அறிகுறி இல்லை, ஆயுள் முடிந்ததற்கான அறிகுறி. சூடாகும்போது இடைவெளி இன்னும் பெரிதாகி, இருக்கிற கொஞ்சம் அழுத்தமும் போய்விடும். முக்கால் நிமிடத்தில் அணைந்ததற்கும், சூட்டில் திரும்ப ஸ்டார்ட் ஆகாததற்கும் காரணம் அதுதான். "எவ்வளவு ஸ்மூத்தா இருக்கு பாருங்க" என்று யாராவது ஏபிசி என்ஜினைச் சுற்றிக் காட்டினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். ரிங் போட்ட என்ஜின் வேறு. அதில் உச்சிக் கவ்வல் இருக்காது.

அப்புறம் பின்மூடியின் நான்கு திருகுகளைக் கழற்றினார். பின்மூடிக்கு அடியில் இருக்க வேண்டிய கேஸ்கெட் இல்லை. அதற்குப் பதில் சிலிக்கான் பசை அப்பியிருந்தது. அதில் ஒரு துணுக்கு பிய்ந்து உள்ளே கிராங்க் முனையில் ஒட்டிக்கொண்டிருந்தது. கார்பரேட்டரின் கழுத்தில் காற்றுப் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் இல்லை, குழாய் வேலைக்குச் சுற்றும் வெள்ளை டேப் சுற்றியிருந்தது. இப்படி இரண்டு இடத்தில் காற்றை இழுக்கும் என்ஜினுக்கு ஊசியை எங்கே வைத்தாலும் ஒன்றுதான். எனக்குத் தெரிந்திருந்தால் முதல் வாரத்திலேயே கண்டுபிடித்திருக்கலாம்: மின் ஸ்டார்ட்டரில் ஓடும் அந்தச் சில விநாடியில், கார்பரேட்டர் கழுத்திலும் பின்மூடி ஓரத்திலும் குச்சியால் ஒரு சொட்டு எண்ணெய் தொட்டு வைத்தால் போதும். கசிவு இருந்தால் உள்ளே இழுக்கும், அல்லது குமிழி விடும், வேகமும் மாறும். கையைப் பின்பக்கத்திலிருந்துதான் கொண்டுபோக வேண்டும்.

பின் பேரிங்கைப் பார்த்தபோது பெரியவர் பேசவே இல்லை. விளக்கு வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். குண்டுகள் காப்பி நிறத்தில், ஒன்றிரண்டில் குழி விழுந்து இருந்தன. மெத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஓட்டி முடித்த பிறகு மிச்ச எரிபொருளைத் தீர்த்து, பாதுகாப்பு எண்ணெய் விடாமல் அப்படியே மூட்டை கட்டி வைத்தால் பேரிங் இப்படித்தான் ஆகும். வருடக்கணக்காகக் கிடந்த என்ஜின் அது. "பிரிச்சுச் சுத்தம் பண்ணினது" என்பது முழுப் பொய். வெளியே ஏறியிருந்த பழுப்பு விளக்கெண்ணெய்க் கறையை மட்டும் தேய்த்து எடுத்திருந்தார்கள்.

எரிபொருள் விஷயம் தனி. பெரியவர் சொன்னபடி, சும்மா கொடுத்த பாட்டிலிலிருந்து 25 மில்லி அளந்து அகலமான கண்ணாடித் தட்டில் ஊற்றி, வீட்டுக்கு வெளியே, நெருப்பும் பிள்ளைகளும் அண்டாத இடத்தில் இரண்டு நாள் வைத்தேன். எரிபொருளில் இருக்கும் மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் ஆவியாகிவிடும், எண்ணெய் மட்டும் நிற்கும். துல்லியமான சோதனை இல்லை, ஆனால் உண்மை தெரிந்துவிடும். இரண்டு மில்லிக்குச் சற்றுக் குறைவாக மிஞ்சியது, எட்டு சதவீதம்கூட இல்லை. இந்த மாதிரி விமான என்ஜினுக்கு 18 முதல் 20 சதவீதம் எண்ணெய் வேண்டும். இதற்குத் தனியாக எண்ணெய்த் தொட்டி கிடையாது. எரிபொருளில் கலந்து வருவதுதான் பேரிங்குக்கும் கனெக்டிங் ராடுக்கும் கிடைக்கும் ஒரே உயவு. நல்ல என்ஜினில் இதை ஊற்றியிருந்தால் அதுவும் சில நிமிடங்களில் போயிருக்கும். யார் கலந்தது, என்ன விகிதம் என்று பாட்டிலில் எழுதியிருக்காத எரிபொருளை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். மெத்தனால் விஷம், தோல் வழியாகவும் ஏறும், அதன் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது என்பதையும் விற்றவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்திருந்தார்.

படங்களோடு அவருக்கு அனுப்பினேன். "அனுப்புங்க, சரி பண்ணித் தர்றேன்" என்றார். இரண்டாவது தடவையும் நம்பினேன். மூன்று வாரம் கழித்து வந்தது, மறுபடி எண்ணெய் சொட்டச் சொட்ட. கழுவிப் பார்த்தால் அதே பேரிங், அதே பிஸ்டன். கார்பரேட்டர் மட்டும் வேறு: ஊசியின் மரை தேய்ந்து ஆடிக்கொண்டிருந்த ஒரு பழையது. என்னிடம் இருந்ததில் உருப்படியாக இருந்த ஒரே பாகம் கார்பரேட்டர்தான், அதையும் எடுத்துக்கொண்டார். அனுப்பும் முன் நான் கார்பரேட்டரைத் தனியாகப் படம் எடுத்து வைக்கவில்லை. கார்பரேட்டர் மாறியதைச் சொல்லிக் கேட்டதும் என் எண்ணைத் தடை செய்துவிட்டார்.

என்ஜின் நேரில் வாங்கினால் ஒரு சின்னப் புட்டியில் மெத்தனாலும் ஒரு அலன் கீயும் கையோடு கொண்டுபோங்கள். கழுவ விடமாட்டேன், பின்மூடியைத் திறக்க விடமாட்டேன் என்றால் திரும்பி வந்துவிடுங்கள். தூரத்திலிருந்து வாங்கினால் ஒரே ஷாட்டில் எடுத்த காணொளி கேளுங்கள்: ஆறிய என்ஜின், குச்சியால் தட்டி ஸ்டார்ட், பேட்டரியைக் கழற்றுவது, இரண்டு நிமிடம் முழு வேகம், நிறுத்தி, சூட்டிலேயே மறுபடி ஸ்டார்ட். இந்தக் கடைசிப் பகுதியை யாராலும் எண்ணெய் ஊற்றிச் சமாளிக்க முடியாது.

அவருடைய விளம்பரம் நேற்றும் வந்திருந்தது, அதே 25 அளவு, அதே வாசகம். படத்தில் என்ஜின் பளபளவென்று மின்னுகிறது. பிளக் இருக்க வேண்டிய ஓட்டையில் சிவப்பு ரப்பர் மூடி, பின்மூடி தெரியாதபடி பக்கவாட்டில் எடுத்தது. எனக்கு அனுப்பியதும் இதே படம்தான்.