அப்பாவின் பென்ஷனும் ஒரு இனிஷியலும்

இந்த முறை கடலூரில் இருந்தது 16 நாள். அதில் 6 நாள் மஞ்சக்குப்பத்தில் ஒரு வங்கிக் கிளையிலேயே கழிந்தது. சில்வர் பீச், பாடலீஸ்வரர் கோயில் எல்லாம் நல்லபடியாக நடந்தது, அதை விடுங்கள்.

அப்பா 1968-ல் இங்கிலாந்து போனவர். 2005-ல் ஓய்வு பெற்று ஊர் திரும்பினார். வேலை பார்த்த கம்பெனியின் பென்ஷன் மாதம் 212 பவுண்டு, இருபது வருஷமாக ஒழுங்காகக் கணக்கில் விழுந்தது. இந்த வருஷம் வங்கியில் கேஒய்சி, அதாவது வாடிக்கையாளர் விவரங்களை, புதுப்பித்தார்கள். ஆதாரில் இருக்கிறபடி பெயருக்கு முன்னால் ‘எஸ்’ என்று ஏற்றிவிட்டார்கள். பென்ஷன் ஆபீஸிலோ தாத்தா பெயர் முழுசாக, பின்னால், சர்நேமாக இருக்கிறது. பெயர் பொருந்தவில்லை என்று பணம் திரும்பிப் போயிற்று. மறுபடி அனுப்பினார்கள், மறுபடி திரும்பியது. போக வர நடுவிலுள்ள வங்கிகள் பிடித்துக்கொண்டது 36 பவுண்டு.

‘எஸ்’ என்றால் அப்பாவோட அப்பா பெயர். தமிழ்நாட்டில் இதை யாருக்காவது விளக்க வேண்டுமா? கவுன்டரில் விளக்கினேன். “ஃபாரெக்ஸ், வெளிநாட்டுப் பணம் பாக்குற மேடம் லீவு” என்றார்கள். மறுநாள் சர்வர் இல்லை. அதற்கடுத்த நாள் “ஹெட் ஆபீஸுக்கு மெயில் போட்டிருக்கு, வெயிட் பண்ணுங்க.” எண்பது வயசு மனுஷரை இரும்பு நாற்காலியில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்தபோது எனக்கு நெஞ்சு கொதித்தது. லண்டனில் என் வங்கி வேலையெல்லாம் போனிலேயே முடிந்துவிடும். ஆனால் அதே ஊர் பென்ஷன் ஆபீஸைக் கூப்பிட்டால் 40 நிமிஷம் இசைதான் கேட்க வேண்டும், பேச ஆள் வராது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

“முன்னெல்லாம் இதே கவுன்டர்ல பித்தளை டோக்கன் குடுப்பாங்கம்மா, நம்பர் கூப்பிட்டா போய் வாங்கிக்கலாம்” என்றார் அப்பா. பக்கத்து வீட்டு மாமா “பாண்டிக்குப் போங்க சார், பிரெஞ்சு பென்ஷன்காரங்க அங்க நிறைய, பேங்க்ல பழக்கமிருக்கும்” என்றார். கணக்கு இருப்பது கடலூரில், பாண்டிக்குப் போய் என்ன செய்ய?

நாலாம் நாள் ராத்திரி அப்பா பழைய பிஸ்கட் டப்பாவைத் திறந்தார். உள்ளே ஓட்டைக் காலணா இரண்டு, ஒரு அரை கிரவுன், பன்னிரண்டு மூலை வைத்த மூணு பென்ஸ் ஒன்று. நான் கொண்டுவந்த புதுப் பவுண்டு காசைப் பக்கத்தில் வைத்தார். 2017-ல் வந்த அதற்கும் பன்னிரண்டு மூலை. “பழைய மூணு பென்ஸையே திருப்பி அடிச்சிருக்கான்” என்று விரலால் மூலைகளை எண்ணினார்.

அவர் இரண்டு காசு மாற்றத்தைப் பார்த்தவர். 1957 ஏப்ரல் 1-ல் இங்கே அணா போய் நயா பைசா வந்தபோது பள்ளிக்கூடப் பையன். 1971 பிப்ரவரி 15-ல் அங்கே ஷில்லிங் போனபோது மில் தொழிலாளி. ஓரணாவுக்கு 6 நயா பைசா, நாலணாவுக்கு 25. “அணா அணாவா நாலு தடவை மாத்தினா 24தான் கைக்கு வரும்மா. ஒரு பைசா போயிடும். உங்க பாட்டி அதுக்காகவே நாலணா சேர்றவரைக்கும் கடைக்கு அனுப்ப மாட்டா.”

ஐந்தாம் நாள் லீவு முடிந்து அந்த மேடம் வந்தார். சின்னப் பெண், முப்பது இருக்கும். ஐந்தே நிமிஷம். “ஐயா, ரெண்டு பெயரும் ஒரே ஆளோடதுதான்னு நோட்டரி அஃபிடவிட் ஒண்ணு, பழைய பாஸ்போர்ட் ஜெராக்ஸ். நானே உள்ளே ஏத்துறேன்.” சொன்னபடி செய்தார். அப்பாவுக்குத் தன் நாற்காலியைத் தந்து, தான் நின்றுகொண்டே டைப் அடித்தார். இதை முதல் நாளே யாராவது சொல்லியிருக்கலாம் என்ற கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. அந்தப் பெண்ணை மட்டும் மறக்க மாட்டேன்.

நான் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் பணம் விழுந்தது. அப்பா பாஸ்புக்கைப் பார்த்துவிட்டு, போன 36 பவுண்டைக் கேட்டு பென்ஷன் ஆபீஸுக்குக் கடிதம் எழுதச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். ஃபேன் காற்றில் பறக்காமல் இருக்க அதன்மேல் அரை கிரவுனை வைத்துவிட்டு, தபால்தலை தேடப் போனார்.