லிங்கிச் செட்டித் தெரு கம்பூட்: இரண்டு ஜோடி, இரண்டு ஊர் மாடுகள்

61 வயதுப் பெண்மணிக்குக் கம்பூட் விற்கப் பாரிமுனையில் யாரும் தயாராக இல்லை. லிங்கிச் செட்டித் தெருவில் ஹெல்மெட்டும் கையுறையும் கயிறும் தொங்கும் கடைகளில் மூன்றை ஏறி இறங்கினேன். மூன்றாவது கடைப் பையன், "சாருக்கு என்ன சைஸ் மேடம்?" என்றான். "சாருக்கு இல்லப்பா, எனக்குத்தான்." என் புடவையை ஒரு பார்வை, செருப்பை ஒரு பார்வை. அப்புறம் பரணில் ஏறி ஒரு ஜோடியை எடுத்துப் போட்டான். கருப்பு பி.வி.சி., முழங்காலுக்கு நாலு விரல் கீழே வரை உயரம், உள்ளே மெல்லிய துணி, ஆறாம் நம்பர். 420 சொன்னான், 400 கொடுத்தேன்.

எதற்கு என்றால், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் குன்றத்தூர் தாண்டி ஒரு கோசாலைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். தொழுவம் கழுவுவது, தீவனம் அள்ளிப் போடுவது, புண்ணுக்கு மருந்து போடும்போது தலையைப் பிடித்துக்கொள்வது, இவைதான் என் வேலை. ரோட்டில் திரிந்து வந்த மாடுகள் பாதி. பாலித்தீன் பையோடு சாப்பாட்டைத் தின்று தின்று வயிறு உப்பியவை. 2019 அக்டோபரில் வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் ஒரே பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை வெளியே எடுத்தார்களே, அந்தச் செய்தியைப் படித்த மறுவாரம்தான் நான் அங்கே போக ஆரம்பித்தது. முதல் மழைக்காலத்தை ரப்பர் செருப்போடு ஓட்டினேன். சேற்றுப் புண் வந்து கால்விரல் இடுக்கெல்லாம் வெந்துபோனது. அதன் பிறகுதான் கம்பூட்.

தொழுவத்துக்கு இந்தச் சாமானை மிஞ்ச ஒன்றும் இல்லை. கோமியமும் சாணியும் கலந்த கணுக்கால் ஆழச் சேற்றில் நின்றாலும் உள்ளே சொட்டு இறங்காது. வேலை முடிந்ததும் ஹோஸைப் பிடித்து அடித்தால் ஒரு நிமிடத்தில் சுத்தம். மாடு மிதித்தால்? மிதித்தது. முன்பக்கம் இரும்புத் தொப்பி கிடையாது, பெருவிரல் நகம் கறுத்துவிட்டது. இரும்பு வைத்தது வேண்டுமென்றால் விலை இரண்டு மடங்கு என்று பையன் முதலிலேயே சொல்லியிருந்தான், அது என் கஞ்சத்தனம். சென்னை வெயிலில் உள்ளே கால் வேகும். பருத்திக் காலுறை இல்லாமல் போடவே போடாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் தலைகீழாகக் கவிழ்த்துக் காய வையுங்கள். உள்ளே பழைய தினத்தாளைச் சுருட்டித் திணித்தால் நாற்றமும் போகும்.

இதே மாடலில் இரண்டாவது ஜோடி வாங்கியதுதான் பெரிய கதை.

மகளுக்குப் பிரசவம் பார்க்க இங்கிலாந்தில் சர்ரே போக வேண்டியிருந்தது. போனில் மாப்பிள்ளை, "அத்தை, பக்கத்துல ஒரு பெரிய திறந்தவெளி இருக்கு, அதுல மாடு மேய விடறாங்க. தினமும் போய்ப் பார்த்துட்டு வர வாலண்டியர் வேணுமாம். உங்களுக்குப் பிடிக்கும்" என்றார். விசிட்டர் விசாவில் பதிவு பெற்ற அறக்கட்டளைக்கு 30 நாள் வரை தொண்டு செய்யலாம் என்று விசாரித்தும் வைத்திருந்தார். உடனே பழைய கம்பூட்டைத் தேய்த்துக் கழுவிப் பெட்டியில் வைத்தேன். மகள் அதட்டினாள்: "அம்மா, அதை இங்கே கொண்டுவராதே!" அவள் சொன்னதுதான் சரி. நம் ஊரில் மாட்டின் வாயிலும் காலிலும் புண் வைக்கும் கோமாரி நோய் இருக்கிறது, தடுப்பூசி போட்டுப் போட்டுச் சமாளிக்கிறோம். அங்கே 2001-ல் அது புகுந்தபோது 60 லட்சத்துக்கு மேல் ஆடு மாடுகளைக் கொன்றுதான் அடக்கினார்கள். நம் தொழுவச் சேறு ஒட்டிய பூட்டு அங்கே போகக் கூடாது. ஆகவே மறுபடி லிங்கிச் செட்டித் தெரு, அதே கடை, அதே மாடல். இந்தத் தடவை 450, பேரம் படியவில்லை. பிரிக்காமல் பெட்டியில் போட்டேன். அதுதான் தப்பு.

சர்ரேயில் பிரித்துப் பார்த்தால் இடது கால் ஆறு, வலது கால் ஏழு. பில்லில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று சிவப்பில் அச்சடித்திருக்கிறது. திரும்பப் பெறுவார்கள் என்றே வைத்துக்கொள்வோம், 8,000 கிலோமீட்டர் போய்க் கொடுப்பது யார்? வலது காலுக்கு மட்டும் இரண்டு கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டேன்.

அந்த இடத்துக்கு ஹீத் என்று பெயர். சத்தே இல்லாத மணல் தரை. மரம் குறைவு, முழங்கால் உயரத்துக்கு ஹெதர் என்ற குட்டைச் செடி. நான் போன ஆகஸ்ட் கடைசியில் கண்ணுக்கு எட்டிய வரை ஊதாப் பூ. இயற்கையாக வந்த காடு என்று நினைத்தேன், இல்லையாம். ஆயிரக்கணக்கான வருடமாக அந்த ஊர்க்காரர்கள் ஆடு மாடு மேய்த்து, அடுப்புக்குப் புதர் வெட்டி உண்டான வெளி அது. மேய்ச்சல் நின்றால் பிர்ச்சும் பைனும் முளைத்துப் பத்து இருபது வருடத்தில் தோப்பாகிவிடும். மணலில் முட்டையிடும் பல்லி, வெறும் தரையிலேயே முட்டையிடும் பக்கி என்ற பறவை, சின்ன நீல வண்ணத்துப்பூச்சி எல்லாம் இடமில்லாமல் போய்விடும். 1800-லிருந்து இதுவரை இங்கிலாந்தின் தாழ்நில ஹீத்தில் 80 சதவீதத்துக்கு மேல் அழிந்துவிட்டது. மிச்சத்தைக் காப்பாற்றத்தான் மாடு.

மெஷினால் வெட்டினால் என்ன என்று கேட்டேன். பயிற்சி கொடுத்த பெண், மெஷின் எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்கு மொட்டையடித்துவிடும் என்றாள். மாட்டுக்கு மேல்வரிசையில் முன்பல் கிடையாது, நாக்கால் சுற்றிப் பிடித்துப் பிய்க்கும். அதனால் இங்கே குட்டை, அங்கே நெட்டை என்று மேடும் பள்ளமுமாக நிற்கும். குளம்பு பட்ட இடத்தில் வெறும் மணல் தெரியும், பல்லிக்கு அதுதான் பிரசவ அறை. மாட்டுக்கு மேல்வரிசை முன்பல் கிடையாது என்று மாம்பலத்தில் கறவை மாட்டோடு வளர்ந்தவளுக்கு அவள் விளக்கியபோது சிரிப்பை அடக்கிக்கொண்டேன். ஆனால் சாணி விஷயத்தில் என் வாயை மூட வைத்தாள். பூச்சி மருந்து, அதிலும் ஐவர்மெக்டின் கொடுத்த மாட்டுச் சாணியில் வண்டுகளால் பிழைக்க முடியாது. வண்டு இல்லாவிட்டால் வௌவாலுக்கும் பறவைக்கும் தீனி இல்லை. அதனால் கண்டபடி மருந்து கொடுப்பதில்லையாம். இத்தனை வருடம் சாணி அள்ளியிருக்கிறேன், இந்தக் கோணத்தில் யோசித்ததே இல்லை.

மாடுகள் பெல்ட்டட் காலோவே. சடை சடையாகக் கறுப்பு ரோமம், கொம்பு இல்லை, நடு உடம்பில் அகலமாக வெள்ளைப் பட்டை. வேட்டியை அவிழ்த்து வயிற்றில் சுற்றியது மாதிரி. தூரத்துப் புதருக்குள் நின்றாலும் அந்த வெள்ளைதான் காட்டிக்கொடுக்கும். இவற்றைப் பார்த்துக்கொள்பவர்களை 'லுக்கர்' என்கிறார்கள். பார்ப்பவர், அவ்வளவுதான். கறக்க வேண்டாம், குளிப்பாட்ட வேண்டாம். தலையெண்ணிக்கை சரியா, நொண்டுகிறதா, கண்ணில் நீர் வடிகிறதா, படுத்திருந்தால் அசை போடுகிறதா, ஒன்று மட்டும் ஒதுங்கி நிற்கிறதா, தொட்டியில் தண்ணீர் வருகிறதா, கேட் சாத்தியிருக்கிறதா. பார்த்துப் போனில் பதிவு செய்ய வேண்டும். கழுத்தில் மணிக்குப் பதிலாக நார்வேக்காரர்களின் 'நோஃபென்ஸ்' பட்டை. போனில் கோடு போட்டுவிட்டால் அதுதான் வேலி. தாண்டப் போனால் பட்டை பாடும், சுருதி ஏறிக்கொண்டே போகும். அதையும் மீறினால் சின்ன ஷாக். பட்டை இருக்கும்போது மனுஷி எதற்கு என்றால், மாடு எங்கே நிற்கிறது என்றுதான் அது சொல்லும், எப்படி நிற்கிறது என்று சொல்லாது.

இப்போது கம்பூட். பனி ஈரத்தில் முதல் வாரம் நன்றாகவே உழைத்தது. விரியன் ஜாதிப் பாம்பு அங்கேயும் உண்டு, ஆடர் என்பார்கள், அதற்கும் இந்த உயரம் தைரியம் தந்தது. ஆனால் கோர்ஸ் என்ற மஞ்சள் பூ முட்புதர் ஒன்று, நம் ஊர் சீமைக் கருவேலத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. அந்த முள் பி.வி.சி.யைத் துளைத்துக் கெண்டைக்கால் வரை வந்துவிட்டது. அக்டோபரில் காலைக் குளிர் நாலு டிகிரிக்கு இறங்கியதும் பூட்டு மரக்கட்டையாக விறைத்தது. அடிப்பள்ளங்கள் ஆழமில்லாததால் ஈரச் சரிவில் வழுக்கல் வேறு.

ஒருநாள் எண்ணினால் 13. பதினாலைக் காணோம். திரும்ப எண்ணினேன், 13. கொத்துக் கொத்தாகப் புல் நின்ற தாழ்ந்த பகுதியைக் கடந்து போனபோது வலது கால் உளையில் இறங்கியது. இழுத்தேன். கால் வந்தது, ஏழாம் நம்பர் வரவில்லை. ஒற்றைக் கால் காலுறையோடு, கையில் குச்சியோடு நான் கொக்கு மாதிரி நிற்க, பத்தடியில் பிர்ச் கன்றுகளுக்கு நடுவே பதினாலாவது நின்றுகொண்டிருந்தது. என்னைப் பார்த்தது. மூக்கிலிருந்து ஆவி வந்தது. சாம்பல் நிற நாக்கை நீட்டி ஒரு கிளையைச் சுற்றி, தலையை ஒரு வெட்டு வெட்டியது. இலையெல்லாம் வாய்க்குள், வெறும் குச்சி ஆடிக்கொண்டிருந்தது. வளரவிடாமல் தின்னத்தான் அதைக் கூட்டி வந்திருக்கிறார்கள், அது ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தது. தொலைந்து போனது நான்தான்.

பூட்டை இரண்டு கையாலும் பிடித்துப் பிடுங்கினேன். அதன்பின் மகள் வாங்கிக் கொடுத்த அந்த ஊர் ரப்பர் பூட்டில் மிச்ச நாட்களை ஓட்டினேன். விலையை ரூபாயில் சொன்னால் நம் ஆட்கள் சண்டைக்கு வருவார்கள்.

திரும்பி வந்து கோசாலையில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். "மாடு காட்டைக் காப்பாத்துதா? நம்ம ஃபாரஸ்ட்காரர் மாட்டையே பிடிச்சிட்டுப் போயிடுவார் அக்கா." ராஜஸ்தானில் இருக்கும் பரத்பூர் பறவைகள் சரணாலயத்தின் கதையைச் சொன்னேன். 1982-ல் அங்கே மேய்ச்சலைத் தடை செய்தார்கள். புல் தண்ணீரை மூடிக்கொண்டு பறவைக்கே இடம் குறைந்துபோனது. மேய்ந்த எருமைகளால் நன்மையும் இருந்தது என்று ஆய்வு செய்துதான் ஒத்துக்கொண்டார்கள். கிண்டியில் வெளிமான் தேடுவதும் திறந்த புல்வெளியைத்தான். எல்லாக் காட்டிலும் மாட்டை விடு என்று நான் சொல்லவில்லை, அது கேடாகவும் முடியும். ஹீத்தில் பயிற்சி கொடுத்த அந்தப் பெண்ணே, எத்தனை மாடு, எந்த மாதம், எத்தனை நாள் என்ற கணக்குதான் எல்லாம் என்றாள்.

சரி, மதிப்பெண். தொழுவத்துக்கு ஐந்துக்கு நாலு, ஹீத்துக்கு ஒன்றரை. முதல் ஜோடி ஒன்றரை வருடம் உழைத்து, போன மாதம் கணுக்கால் மடிப்பில் விரிசல் விட்டது. 400 ரூபாய்க்கு அது அதிகம்தான். வாங்குபவர்கள் கடையிலேயே இரண்டு காலையும் போட்டு நடந்து பாருங்கள், அடியில் இருக்கும் நம்பரையும் படியுங்கள்.

புதுசு வாங்கப் போன வாரம் அதே கடைக்குப் போனேன். ஆறும் ஏழும் கலந்த கதையைச் சொல்லி முடிப்பதற்குள் பையன் தலையில் கை வைத்துக்கொண்டான். "அய்யோ மேடம், அதோட இன்னொரு பாதி ரொம்ப நாள் பரண்லயே கிடந்துச்சு. தீபாவளி சமயத்துல யாரோ ஒருத்தர் அவசரமா வாங்கிட்டுப் போயிட்டார்."