சீல் உடைத்தால் வாரண்டி இல்லை, உடைக்காவிட்டால் 90 நாள்: 68,500 ரூபாய் போன கதை

நான்கு நாளாகச் சரியான தூக்கம் இல்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். ஆறிவிட்டால் மரியாதை பார்த்துப் பாதியை விழுங்கிவிடுவேன். பழைய இயந்திரங்களுக்கு ஸ்பேர் போர்டு வாங்கிப் பீரோவில் வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் தயவுசெய்து முழுக்கப் படியுங்கள். எப்படி வாங்குவது, எப்படிப் பாதுகாப்பது என்பதையும் கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

திருப்பூர்ப் பக்கம் ஒரு துணி ஃபினிஷிங் ஆலையில் மின் பராமரிப்பு என் பொறுப்பு. எங்கள் ஸ்டென்டர் (துணியின் இரு ஓரத்தையும் கிளிப்பில் பிடித்து, சூடான அறைகளுக்குள் சங்கிலியில் ஓட்டி உலர்த்தும் இயந்திரம்) 1995இல் ஐரோப்பாவில் செய்யப்பட்டது; 2004இல் பழைய இயந்திரமாக இறக்குமதியாகி எங்களிடம் வந்து சேர்ந்தது. எட்டு சேம்பர். சங்கிலி, ஊதுவிசிறி, எண்ணெய்க் குழாய் எல்லாம் இன்னும் இருபது வருடம் தாராளமாக உழைக்கும். மூப்பு வந்தது கட்டுப்பாட்டுப் பேனலுக்குள் இருக்கும் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான்.

அதற்கு மதர்போர்டு என்று ஒன்று கிடையாது. வெறும் ஸ்லாட்டுகள் மட்டுமே கொண்ட பலகை ஒன்று. அதில் செருகிய சி.பி.யு. கார்டு, பக்கத்தில் இயந்திரம் செய்தவர்களே வடிவமைத்த இரண்டு இன்புட்-அவுட்புட் கார்டுகள். எல்லாம் ஐ.எஸ்.ஏ. ஸ்லாட். 1981இல் ஐ.பி.எம். பி.சி.யோடு வந்து, 1984இல் 16 பிட்டாக நீண்ட அதே ஸ்லாட். 2000ஐ ஒட்டிச் சாதாரண மதர்போர்டுகளிலிருந்து அது காணாமல் போய்விட்டது. மென்பொருள் விண்டோஸுக்கு முந்தைய காலத்து டாஸ் 6.22இல் ஓடுகிறது. யு.எஸ்.பி. மாற்றி ஒன்றை வாங்கிப் புதுக் கம்ப்யூட்டரில் மாட்டினால் ஆயிற்று என்று யோசனை சொல்பவர்கள் தயவுசெய்து எனக்குச் சொல்ல வேண்டாம். இந்த மென்பொருள் கார்டின் முகவரிக்கே நேராகப் போய் எழுதும் ரகம், நடுவில் யு.எஸ்.பி. வந்து உட்கார்ந்தால் அதற்குக் கண்ணும் தெரியாது, காதும் கேட்காது. மொத்தக் கட்டுப்பாட்டையும் புது பி.எல்.சி.க்கு, அதாவது ஆலை இயந்திரங்களை ஓட்டவே செய்யப்படும் கட்டுப்பாட்டுக் கருவிக்கு, மாற்ற 14 லட்சத்துக்கு விலைப்புள்ளி வந்தது. முதலாளி அந்தத் தாளை நான்காக மடித்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

ஆகவே ஸ்பேராக ஒரு சி.பி.யு. கார்டு வாங்கிவைப்பது என்று முடிவானது. அந்த யோசனை என்னுடையது. அதனால்தான் இத்தனை வலி.

தொழிற்சாலைப் பொருட்கள் விற்கும் ஓர் இணையச் சந்தையில் தேடினேன். அதே மாடல், அதே படம், விற்பவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சை நிறத்தில் 'சரிபார்க்கப்பட்டவர்' என்ற முத்திரை. அந்த முத்திரைக்கு மட்டும் நான் மயங்கியிருக்க மாட்டேன். போனில் அந்த ஆள் கேட்ட கேள்விகளில்தான் மயங்கினேன். "சார், உங்கள் ஸ்லாட் ஒரே துண்டா, இரண்டு துண்டா?" என்று கேட்டார். 8 பிட் என்றால் ஒரு துண்டு, 16 பிட் என்றால் இரண்டு துண்டு. இது தெரிந்தவர் இன்று எத்தனை பேர் இருக்கிறார்கள்? ஜம்பர் (கார்டின் அமைப்பை மாற்றும் சின்னச் செருகி) எந்த நிலையில் இருக்கிறது, பயாஸ் (கம்ப்யூட்டரைத் துவக்கும் அடிப்படை மென்பொருள்) பதிப்பு என்ன, வன்தட்டா ஃபிளாஷ் கார்டா என்று வரிசையாகக் கேட்டார். கேட்கத் தெரிந்தவன் ஏமாற்ற மாட்டான் என்று எனக்குள் ஒரு முட்டாள் நம்பிக்கை. விஷயம் தெரிந்தவன்தானே நன்றாக ஏமாற்ற முடியும் என்று அப்போது தோன்றவில்லை.

வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினார். மரப்பலகை மேல் கார்டு, கறுப்புத் திரை, நினைவகத்தை எண்ணும் வெள்ளை எண்கள் மடமடவென்று ஏறி 16384இல் வந்து நின்றன. ஒரு பீப். அந்த ஒரு பீப்புக்குத்தான் 68,500 ரூபாய் கொடுத்தேன்.

"பழைய இருப்பு சார், ஆனால் யாரும் கை வைக்காதது" என்றார். பணம் முழுவதும் முன்பணம். ஆறாவது நாள் பெட்டி வந்தது. உள்ளே இளஞ்சிவப்புப் பிளாஸ்டிக் பை, அதன் வாயில் ஒரு ஹாலோகிராம் சீல். நான் திறக்கப் போகும் நேரத்தில் அவரே போன் செய்தார். "சார், ஸ்பேர்தானே? சீலை உடைக்காதீர்கள். கையில் இருக்கும் ஸ்டாட்டிக் மின்சாரம் போதும், போர்டு போய்விடும். உடைத்தால் வாரண்டியும் இல்லை." என் நன்மைக்குச் சொல்கிறார் என்று நினைத்து நன்றி வேறு சொன்னேன். பைக்குள் சிலிகா ஜெல் பொட்டலம் இருப்பது வெளியிலிருந்தே தெரிந்தது. பீரோவில் மேல்தட்டில் வைத்து, தேதி எழுதிப் பூட்டிச் சாவியை நானே வைத்துக்கொண்டேன். இது நடந்து ஏழு மாதம்.

போன வியாழக்கிழமை இரவு மின்சாரம் போய் வந்தது. 2.10க்கு ஃபோர்மேன் கூப்பிட்டார். திரை உறைந்துவிட்டது, சங்கிலி நின்றுவிட்டது. சேம்பருக்குள் மாட்டிக்கொண்ட துணி இருபது மீட்டருக்கு மேல். வெளியே இழுத்தபோது கிளிப்பில் பிடித்திருந்த ஓரம் மட்டும் வெள்ளையாக இருந்தது, நடுவெல்லாம் தோசைக்கல்லில் போட்ட மாதிரி. முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். நான் பதறினேன், அவர் பதறவில்லை. "எதற்குத் தம்பி பயப்படுகிறாய், அதுதான் ஸ்பேர் வாங்கி வைத்திருக்கிறோமே" என்றார். இந்த வாக்கியம் நான்கு நாளாகக் காதில் ஒலித்துக்கொண்டே இருக்கிறது.

சீலை உடைத்தேன். கார்டைச் செருகினேன். பீப் இல்லை. திரையில் ஒன்றும் இல்லை. கழற்றி, தங்க முலாம் பூசிய விளிம்பைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மறுபடி செருகினேன். ரேமைக் கழற்றி மாட்டினேன். ஸ்லாட்டை மாற்றினேன். மணி நான்கரை. அப்புறம்தான் கார்டை டார்ச் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். ஒரு பெரிய சிப்பின் மேல்புறம் மற்றவற்றைவிட மங்கலாக, உப்புத்தாள் போட்ட மாதிரி. அதன் மேல் எழுத்துகள் மட்டும் நேற்று அச்சடித்ததுபோல வெள்ளை வெளேர் என்று. மின்தேக்கிகளில் இரண்டு வேறு நிறம், ஒன்றின் தலை உப்பியிருந்தது, அடியில் பழுப்பாக, பற்றவைத்தபோது மிஞ்சிய ஃபிளக்ஸ் பிசுக்கு. பின்பக்கம் அறுந்த தடத்தைத் தாண்டி மயிரிழைக் கம்பி ஒன்று. யாரும் கை வைக்காத போர்டாம்!

வீடியோவை மறுபடி பார்த்தேன். அதில் பயாஸ் சிப்பின் மேல் வெள்ளிநிற ஸ்டிக்கர். என் கையில் இருந்ததில் மஞ்சளாகிப்போன வெறும் காகிதம். வீடியோவில் வந்த கார்டு வேறு, பெட்டியில் வந்த கார்டு வேறு.

காலை எட்டரைக்குப் போன் செய்தேன். முதலில் தேன். "சார், எப்படி இருக்கிறீர்கள், தொழில் எப்படி?" விஷயத்தைச் சொன்னதும் படம் அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். மதியம் வரை பதில் இல்லை. பிறகு, "சீல் உடைந்திருக்கிறதே சார்." உடைக்காமல் எப்படி மாட்டுவது என்று கேட்டேன். "வாங்கிய உடனே சோதித்திருக்க வேண்டும்." நீங்கள்தானே உடைக்காதே என்றீர்கள்? "வாரண்டி 90 நாள் சார், பில்லில் இருக்கிறது." இருக்கிறது, உண்மைதான், பில்லின் பின்பக்கம் எறும்பு அளவு எழுத்தில். அதாவது சீலை உடைத்தால் வாரண்டி இல்லை; உடைக்காமல் வைத்திருந்தால் நாள் தானாக ஓடித் தீர்ந்துவிடும். ஸ்பேர் வாங்குகிறவன் என்றைக்காவது 90 நாளுக்குள் பிரித்துப் பார்ப்பானா? அந்த ஆளுக்கு இது நன்றாகத் தெரியும்.

சாயங்காலம் கதை மாறியது. எங்கள் பவர் சப்ளைதான் கார்டை எரித்துவிட்டதாம். மல்ட்டிமீட்டரில் 5 வோல்ட் சரியாக இருப்பதைப் படம் எடுத்து அனுப்பினேன். அதற்குப் பதில்: கூரியரில் அனுப்புங்கள், சோதனைக் கட்டணம் 3,500 ரூபாய் முன்பணம். 68,500 வாங்கியது போதாமல் இன்னும் 3,500! மறுநாள் முதல் போனை வேறொருவர் எடுக்கிறார். விற்றவர் கோவிலுக்குப் போயிருக்கிறாராம், வந்ததும் பேசுவாராம். எந்தக் கோவிலில் மூன்று நாள் தரிசனம்?

இணையச் சந்தைக்காரர்கள் இன்னும் மேல். 'சரிபார்க்கப்பட்டவர்' என்றால் அவருடைய ஜி.எஸ்.டி. எண்ணைச் சரிபார்த்திருக்கிறோம் என்றுதான் பொருள், சரக்கை அல்ல என்று பெண் குரல் ஒன்று பொறுமையாக விளக்கியது. அவர்கள் வெறும் பட்டியல் போடுபவர்களாம். நான் எழுதிய விமர்சனம் பரிசீலனையில் இருக்கிறதாம். நுகர்வோர் வழக்குப் போடலாமா என்று தெரிந்த வக்கீலிடம் கேட்டேன். 2019ஆம் ஆண்டுச் சட்டம் வணிக நோக்கத்துக்காக வாங்கியவரை நுகர்வோராக எடுத்துக்கொள்வதில்லை, ஆலைக்காக வாங்கியது அதில்தான் வரும் என்றார். பில்லை வாங்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அதில் 'கம்ப்யூட்டர் உதிரிபாகம் - 1' என்று மட்டும் இருக்கிறது. மாடல் இல்லை, வரிசை எண் இல்லை. நான் இப்போது காட்டும் கார்டுதான் விற்றவர் அனுப்பிய கார்டு என்று எப்படி நிரூபிப்பது? 68,500 ரூபாய்க்கு ஒரு வரி பில். அதை வாங்கி ஃபைலில் வைத்ததும் நான்தான்.

ஆலை எப்படி மறுபடி ஓடுகிறது என்றால், கோயம்புத்தூரில் பழைய சி.என்.சி. (கம்ப்யூட்டரில் ஓடும் கடைசல் இயந்திரங்கள் போன்றவை) போர்டுகளைப் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் எங்கள் ஒரிஜினல் கார்டையே தூக்கிக்கொண்டு போனேன். ஆறு மின்தேக்கிகளை மாற்றினார். கடிகாரச் சிப்பையும் மாற்றினார். டி.எஸ்.12887 என்று கறுப்புக் கட்டியாக இருக்கும். பேட்டரி அதற்குள்ளேயே புதைந்திருக்கிறது, பத்து வருடக் கணக்கு போட்டுச் செய்தது, அது இருபதுக்கு மேல் உழைத்துவிட்டது. கூலியோடு 2,800 ரூபாய். காபி வேறு வாங்கிக் கொடுத்தார். ஏமாந்த கார்டைக் காட்டினேன். மங்கலான சிப்பின் மேல் அசிட்டோன் தொட்ட பஞ்சைத் தேய்த்தார். பழைய பெயரை அழித்துவிட்டு மேலே அச்சடித்த வெள்ளை எழுத்து பஞ்சோடு வந்துவிட்டது. ஒன்றும் சொல்லாமல் பஞ்சை என் கையில் கொடுத்தார்.

விரிவாக யோசனை சொல்கிறேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். உட்கார்ந்து எழுத இப்போது நேரமில்லை, மனமும் இல்லை. அவசரத்துக்கு இவை.

எந்த சீலாக இருந்தாலும் வந்த அன்றே உடையுங்கள். அடுத்த ஞாயிறு இயந்திரம் நிற்கும்போது ஸ்பேரை மாட்டி ஒரு ஷிஃப்ட் ஓட்டிப் பாருங்கள். பில்லில் மாடலும் வரிசை எண்ணும் இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். வீடியோ கேட்டால், அன்றைய தேதியைத் தாளில் எழுதிக் கார்டின் வரிசை எண்ணுக்குப் பக்கத்தில் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். இளஞ்சிவப்புப் பை ஸ்டாட்டிக்கைத் தடுத்து நிறுத்தாது, அது தானாக மின்னேற்றம் உண்டாக்காது, அவ்வளவுதான். வெள்ளிநிறப் பை வேண்டும். பயாஸ் அமைப்புகளைத் திரையோடு படமெடுத்துப் பேனல் கதவுக்குள் ஒட்டுங்கள், பேட்டரி போன அன்று அதுதான் உதவும். வன்தட்டின் நகல் ஒன்றை ஃபிளாஷ் கார்டில் எடுத்துவையுங்கள். எங்களுடையது புதுசுதானே என்று இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: சீமென்ஸின் எஸ்7-300 பி.எல்.சி. வரிசையையே 2023 அக்டோபரிலிருந்து படிப்படியாக நிறுத்தத் தொடங்கிவிட்டார்கள், உதிரிபாகம் 2033 வரை என்று அறிவித்திருக்கிறார்கள். அதிகாரபூர்வ விற்பனையாளரிடம் கிடைக்கும்போதே வாங்கிவிடுங்கள், பிறகு என்னைப் போல இணையத்தில் தேட வேண்டியிருக்கும்.

68,500 ரூபாயை என் சம்பளத்தில் பிடிக்கச் சொன்னேன். முதலாளி பதில் சொல்லவில்லை. பேனல் கதவைத் திறந்துவைத்து, ஒரு டேபிள் ஃபேனை அந்தப் பழைய கார்டுக்கு நேராக வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறோம். பஞ்சுத் துகள் உள்ளே போகாமல் இருக்க ஃபேன் முன்னால் நனைந்த வலைத்துணி கட்டலாம் என்று ஃபோர்மேன் சொல்கிறார். மின்சாரத்துக்குப் பக்கத்தில் நனைந்த துணியாம். நான் போய்த் தடுக்க வேண்டும்.