விக்காஃப் வீடா, டைக்மேன் வீடா?

நியூயார்க்கில் டச்சுக் குடியேறிகளின் பண்ணை வீடு ஒன்றைத்தான் பார்க்க நேரம் இருக்கிறதா?

வயது: புரூக்ளினின் விக்காஃப், ஏறத்தாழ 1652. மன்ஹாட்டனின் டைக்மேன், 1785 வாக்கில். முந்தைய வீடு அமெரிக்க விடுதலைப் போரில் அழிந்தபின் கட்டியது.

கட்டுமானம்: விக்காஃப் மண்தரை போட்ட சிறு வீடாகத் தொடங்கி, தலைமுறை தலைமுறையாக வளர்ந்தது. மரச் சட்டகம், மரச்சில்லு போர்த்திய சுவர். சுவரைத் தாண்டி வளைந்து நீளும் இறவாரத்தை நிதானமாகப் பாருங்கள், அவ்வளவு அழகு! டைக்மேனில் கல், செங்கல், வெள்ளைப் பலகை, ஒவ்வொரு பக்கமும் இரண்டு சரிவாக மடியும் கூரை.

போக்குவரத்து: டைக்மேனுக்குச் சப்வே பக்கத்திலேயே. விக்காஃபுக்குப் பஸ்தான் வசதி.

அவசரம் என்றால் டைக்மேன் போதும். கட்டடக்கலைதான் முக்கியமென்றால் விக்காஃப். 1637இல் ஒப்பந்தக் கூலியாக வந்திறங்கிய பீட்டர் கிளாசன் விக்காஃபின் வீடு அது. 1901 வரை குடும்பத்தின் கையிலேயே இருந்தது.