பூனைக்கு நகம் வெட்ட: துண்டா, மடியா, எந்த கட்டர்?

வீட்டுக்குள்ளயே வளர்ற பூனைக்கு ரெண்டு மூணு வாரத்துக்கு ஒருக்கா நக நுனிய வெட்டி விடணும். எந்த கட்டர் வாங்கலாம்னுதான் எல்லாரும் முதல்ல கேக்குறாங்க, ஆனா பூனைய எப்படி வச்சுக்கிட்டு வெட்டுறோம்ங்கிறதுலதான் பயம் வர்றதும் வராததும் இருக்கு, கட்டர் அதுக்கு அப்புறம்தான்.

நிறைய பேர் பண்றது துண்டுல சுத்துறது. பெரிய துண்டுல கழுத்து வரைக்கும் சுத்திட்டு ஒரு ஒரு காலா வெளிய எடுத்து, முன்னங்கால்ல அஞ்சஞ்சு பின்னங்கால்ல நாலு நாலுன்னு மொத்தம் 18 நகத்தையும் ஒரே மூச்சுல முடிச்சிடுவாங்க. சீக்கிரம் முடியும், நம்ம கைக்கும் சேஃப்தான், ஆனா அடுத்த தடவை அந்தத் துண்ட கையில எடுத்தாலே பூனை கட்டிலுக்கு அடியில போயிடும், ஒவ்வொரு தடவையும் முன்னவிட கஷ்டமாத்தான் ஆகும். அதுவும் நம்ம ஊரு சித்திரை வெயில்ல துண்டுக்குள்ள இறுக்கி வச்சா ரொம்ப சூடாயிடும், வாயத் திறந்து மூச்சு வாங்குச்சுன்னா உடனே விட்ருங்க.

இன்னொன்னு மடி வழி, என் ஓட்டு இதுக்குத்தான். நல்லா விளையாடி, சாப்பிட்டு, மடியில சுருண்டு கண்ணு சொக்கும்போது ரெண்டு நகம், மிஞ்சிப்போனா மூணு, அவ்ளோதான், மீதிய நாளைக்குப் பாத்துக்கலாம். கால இழுத்துச்சுன்னா பிடிச்சு வைக்காம விட்டுடணும், இழுத்தா விட்டுடுவாங்கன்னு அதுக்குப் புரிஞ்சாதான் அடுத்த தடவை பயப்படாது. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கொஞ்ச நாளு வெட்டவே வேணாம், விரல மேலயும் கீழயும் மெதுவா அமுக்குனா நகம் தானா வெளிய வரும், அத மட்டும் பண்ணிட்டு உடனே ட்ரீட் குடுங்க, கட்டர பக்கத்துல வச்சு மோந்து பாக்க விடுங்க, சும்மா காத்துல க்ளிக் பண்ணி அந்த சத்தத்துக்கும் பழக்குங்க. ட்யூப்ல வர்ற க்ரீமி ட்ரீட் இருந்தா ஒருத்தர் நக்கக் குடுக்க இன்னொருத்தர் வெட்டலாம், இது நல்லாவே வேலை செய்யுது. குறைன்னு பாத்தா முழுசா முடிய ஒரு வாரம் கூட ஆகலாம், எந்த விரல் முடிஞ்சதுன்னு ஞாபகம் வச்சுக்கணும். தெருவுல இருந்து புதுசா வந்த, தொடவே விடாத பூனைக்கு இது உடனே நடக்காது, முதல்ல அது நம்மகிட்ட பழகணும்.

கழுத்துத் தோலப் பிடிச்சு அமுக்குறது மட்டும் வேணவே வேணாம். தாய்ப்பூனை அப்படித்தானே தூக்குதுன்னு சொல்வாங்க, அது சின்னக் குட்டிக்கு மட்டும்தான், வளந்த பூனை அப்போ அசையாம இருக்குறது பயத்துல.

இப்போ கட்டர். சின்ன கத்தரி மாதிரி, பிளேடுல அரைவட்டமா வெட்டு இருக்குமே, அதான் பூனைக்கு சரி, விலையும் கம்மி, எங்க வெட்டுறோம்னு கண்ணுக்கும் தெரியும். ஓட்டைக்குள்ள நகத்த விட்டு அமுக்குற கில்லட்டின் டைப் நாய்க்கு ஓகே, கால ஆட்டிக்கிட்டே இருக்குற பூனைக்கு அந்த ஓட்டைக்குள்ள விடுறதே பெரிய வேலை. நம்ம நெயில் கட்டர் குட்டியோட மெல்லிசு நகத்துக்குப் போதும், பெரிய பூனையோட தடிச்ச நகம் அதுல நசுங்கிப் பிளக்கும். பேட்டரியில ஓடி நகத்தத் தேய்க்குற நெயில் கிரைண்டர நான் சொல்லவே மாட்டேன். சத்தம் எவ்ளோ கீச்சுன்னு சொல்ற அளவுதான் ஹெர்ட்ஸ், நமக்கு 20,000 ஹெர்ட்ஸோட காது நின்னுடுது, பூனைக்கு 60,000த்துக்கு மேலயும் கேக்கும், அந்த சத்தமும் அதிர்வும் விரல் மேலயே வந்தா எப்படி சும்மா இருக்கும்.

எந்த கட்டரா இருந்தாலும் உள்ள தெரியுற பிங்க் சதைகிட்ட போகக்கூடாது, அதுல ரத்தக்குழாயும் நரம்பும் இருக்கு. வெளிச்சத்துல பாத்து கொக்கி மாதிரி வளைஞ்ச நுனிய மட்டும் எடுங்க, கறுப்பு நகமா இருந்து உள்ள தெரியலன்னா ஒரு மில்லிமீட்டரே போதும். பட்டு ரத்தம் வந்துச்சுன்னா கொஞ்சம் சோளமாவு, அதான் கார்ன்ஃப்ளார், அத வச்சு ரெண்டு நிமிஷம் அமுக்கிப் பிடிங்க. டெட்டால் போட்றாதீங்க, அதுல இருக்குற குளோரோசைலினால் பூனைக்கு விஷம், அது எப்படியும் கால நக்கத்தான் செய்யும்.

கயிறு சுத்துன தூண் வச்சிருக்கேன், அதுல பிராண்டுது, அது போதாதான்னு கேப்பீங்க. தூண் கண்டிப்பா வேணும், பழைய மேல்தோடு கழண்டு வரும், ஆனா கீழ வர்ற நகம் இன்னும் கூராத்தான் இருக்கும். சோஃபா கிழியுதுன்னு ஒரேயடியா நகத்த எடுத்துடலாம்னு யாராவது சொன்னா காதுலயே வாங்காதீங்க, அது நகம் எடுக்குறது இல்ல, ஒவ்வொரு விரலோட கடைசி எலும்பையும் வெட்டுறது. நியூயார்க் மாநிலம் 2019லயே அத தடை பண்ணிருச்சு.

கிளினிக்ல குடுத்து வெட்டலாமான்னா, நிறைய பூனைக்கு நகம் வெட்டுறதவிட கூடையில போட்டு ஆட்டோவுல போறதுதான் பெரிய பயம், அதனால பழகுற பூனைக்கு வீடுதான் நல்லது. ரொம்ப மிரளுற பூனைன்னா முன்னாடியே டாக்டர்கிட்ட பேசுங்க, அவங்க அதுக்கு மாத்திரை எழுதிக் குடுப்பாங்க, நம்ம வீட்டுல இருக்குற மாத்திரைய குடுக்காதீங்க, பாராசிட்டமால் ஒண்ணே பூனை உயிர எடுத்துடும். வயசான பூனைக்கு முன்னங்கால் உள்பக்கம், கட்டைவிரல் மாதிரி இருக்குற நகத்த மறக்காம பாருங்க, அது தரையில படாது, தேயாது, அப்படியே வளைஞ்சு பாதத்து சதைக்குள்ளயே குத்திடும். குத்தியிருந்தா நீங்களா இழுக்காதீங்க, அன்னைக்கே கிளினிக் கூட்டிட்டுப் போங்க, அவங்க வெட்டி எடுத்து புண்ணுக்கும் மருந்து போட்டு விடுவாங்க.