டிஎஸ்எல்ஆரா, மிரர்லெஸ்ஸா? மஸ்கெலியாப் பனியில் இரண்டோடும் பழகியவனின் அனுபவம்

அக்கா மகன் உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த கையோடு போன் எடுத்தான். "மாமா, கமரா ஒண்ணு வாங்கப்போறேன். டிஎஸ்எல்ஆர் எடுக்கவா, மிரர்லெஸ் எடுக்கவா?" அரை மணித்தியாலம் பேசியும் முடியவில்லை. டிஎஸ்எல்ஆர் என்றால் உள்ளே ஒரு கண்ணாடி இருந்து, லென்ஸ் வழியாக வரும் காட்சியை நேரே கண்ணுக்குக் காட்டும் கமரா. மிரர்லெஸ்ஸில் அந்தக் கண்ணாடி இல்லை, சென்சர் பார்ப்பதையே ஒரு சின்னத் திரை காட்டும். இரண்டையும் தூக்கிக்கொண்டு இந்த மலைகளில் வருடக்கணக்கில் அலைந்திருக்கிறேன். அவனுக்குச் சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் வாங்கியது நிக்கோன் டி3500. 2019இல், 18-55 லென்ஸோடு. பிறகு 2023 கடைசியில் பாவித்த சோனி ஏ6400 ஒன்று கைக்கு வந்தது. இரண்டும் 24 மெகாபிக்சல், இரண்டிலும் படத்தைப் பதியும் சென்சர் ஒரே ஏபிஎஸ்-சி அளவுதான். நல்ல வெயிலில் இரண்டாலும் எடுத்த படங்களைக் கலந்து வைத்தால் எது எதில் எடுத்தது என்று எனக்கே சொல்ல வராது. அதனால் படத்தின் தரத்தைப் பற்றிப் பேசி நேரம் போக்கப்போவதில்லை. பனி, மழை, இருட்டு, கரண்ட் இல்லாத இரவு, இந்த நான்கில்தான் இரண்டும் வேறு வேறு ஆளாக மாறுகின்றன.

பனியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் என் முடிவை மாற்றியது அதுதான். காலையில் பெரட்டு (வேலைக்குப் பேர் கொடுக்கும் கூட்டம்) கலைந்து பெண்கள் மலைக்கு ஏறும் நேரத்தில் எங்கள் தேயிலைத் தோட்டம் முழுக்க மூடுபனியில் வெள்ளையாக இருக்கும். கமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக்கத்தான் முயலும். வெள்ளைப் பனி முன்னால் நின்றால், "வெளிச்சம் கூடிவிட்டது" என்று நினைத்துக்கொண்டு படத்தை இருட்டாக்கிவிடும். பனி சாம்பலாகும், அதற்கு முன்னால் நிற்கும் மாநிற முகம் கறுத்துப்போகும்.

டிஎஸ்எல்ஆரின் வியூஃபைண்டரில் தெரிவது கண்ணாடி வழியாக வரும் நிஜக் காட்சி. கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கும். சென்சர் அதை எப்படிப் பதியப்போகிறது என்பது அழுத்திய பிறகுதான் தெரியும். ஒரு படம் எடுத்து, திரையைப் பார்த்து, வெளிச்சத்தை ஒரு ஸ்டொப் (அதாவது இரண்டு மடங்கு) கூட்டி மறுபடி கண்ணை வைப்பதற்குள், கை நிறையக் கொழுந்தைக் கூடைக்குள் எறிந்துவிட்டு அந்த அக்கா அடுத்த நிரைக்குப் போயிருப்பார். முதல் வருடம் நான் எடுத்த படங்களை அம்மாவிடம் காட்டினேன். முப்பது வருடம் கொழுந்து எடுத்தவர். பார்த்துவிட்டு, "ஏண்டா, எங்க ஆளுகள எல்லாம் இப்பிடிக் கரியாக்கி வச்சிருக்க?" என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்குள் இன்னும் இருக்கிறது.

பனி என்றால் எடுக்குமுன்பே ஒரு ஸ்டொப் அல்லது இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்ளும் பழக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. பழகிவிட்டால் டிஎஸ்எல்ஆரிலும் சரியாக எடுக்கலாம். ஆனால் மிரர்லெஸ்ஸில் அந்தப் படம் எப்படி வரும் என்பதே வியூஃபைண்டரில் தெரிகிறது. முகம் சரியான நிறத்துக்கு வரும்வரை டயலைத் திருப்பினால் போதும், கண்ணை எடுக்க வேண்டியதில்லை. மனிதர்களை எடுக்கிறவர்களுக்கு, அதுவும் நம் நிறத்து மனிதர்களை நம் ஊர்ப் பனியில் எடுக்கிறவர்களுக்கு, இதைவிடப் பெரிய வசதி எதுவும் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

போகஸ் விஷயத்தில் அடர்ந்த பனி இரண்டையும் திணறவைக்கும். டி3500இல் 11 போகஸ் புள்ளிகள், நடுவில் இருப்பது ஒன்றுதான் கூடுதல் துல்லியம் கொண்டது. ஏ6400இல் 425 புள்ளிகள், கண்ணைத் தேடிப் பிடிக்கும் வசதியும் உண்டு. எண்ணிக்கை பெரிதாகத் தெரிந்தாலும், பனிக்குள் மாறுபாடு இல்லாத இடத்தில் எந்தப் புள்ளியும் வேலை செய்யாது. கூடைக் கயிறு, தலைத்துணியின் ஓரம், படங்கின் மடிப்பு என்று ஏதாவது ஒரு விளிம்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதுவும் முடியாவிட்டால் மிரர்லெஸ்ஸில் காட்சியைப் பெரிதாக்கிக் கையால் போகஸ் செய்துவிடலாம். டிஎஸ்எல்ஆரின் சின்ன வியூஃபைண்டரில் அதைச் செய்வது கஷ்டம்.

அடுத்தது இருட்டு. மாசி மாதம் காமன் கூத்து ஆடும் காமன் பொட்டலில் தப்புச் சத்தம் கேட்கத் தொடங்கினால் எனக்கு வீட்டில் இருக்க முடியாது. ரதியும் மதனும் ஆடும்போது இருக்கிற வெளிச்சம் தீப்பந்தமும் இரண்டு பல்புகளும்தான். எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறக்கும். கமராவோடு வரும் கிட் லென்ஸ் 35 எம்எம் அளவில் எஃப் 4.5 அளவுக்குத்தான் திறக்கும். எஃப் 1.8 வரை திறக்கும் 35 எம்எம் லென்ஸ் அதைவிட ஆறு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். டி3500இல் அந்த லென்ஸைப் போட்டு எடுத்த கூத்துப் படங்கள், ஏ6400இல் கிட் லென்ஸோடு எடுத்ததை விடத் தெளிவாக இருக்கின்றன. கமராவின் உடலுக்குச் செலவழிக்கும் காசில் கொஞ்சம் மிச்சம் பிடித்து இந்த ஒரு லென்ஸை வாங்குங்கள் என்று யார் கேட்டாலும் சொல்கிறேன்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். டி3500இன் உடலுக்குள் போகஸ் மோட்டார் கிடையாது. பழைய 50 எம்எம் எஃப் 1.8டி லென்ஸ் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கினால் அது தானாகப் போகஸ் செய்யாது. ஒரு கடையில் எனக்கும் "எல்லாத்துக்கும் சரிவரும்" என்று சொல்லி அதைத்தான் நீட்டினார்கள். ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பீ என்று லென்ஸில் எழுதியிருக்கிறதா என்று பார்த்து எடுங்கள்.

சத்தமில்லாமல் எடுக்கும் எலெக்ட்ரோனிக் ஷட்டர் ஏ6400இல் இருக்கிறது. கோயிலுக்குள் பூசை நேரத்தில் உதவும் என்று நம்பினேன். எல்ஈடி விளக்குகளின் கீழ் படத்தில் கறுப்புக் கோடுகள் விழுந்தன. இது அந்த வகை ஷட்டரின் இயல்பு, கமராவின் பழுது அல்ல. கல்யாண மண்டபத்திலும் அதே கதைதான். வெளியில், பகலில் அது பொன்னானது. நுவரெலியா விக்டோரியா பார்க்கில் ஆறுமணிக்குருவி காய்ந்த இலைகளைக் கிளறிக்கொண்டிருந்தபோது நாற்பது படம் எடுத்தேன், அது தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை.

பெட்டரியில் டிஎஸ்எல்ஆர்தான் ராஜா. கமரா நிறுவனங்களின் சங்கமான சீபாவின் அளவுமுறைப்படி டி3500க்கு ஒரு சார்ஜில் 1550 படம், ஏ6400க்கு சுமார் 410. சிவனொளிபாத மலைக்கு நல்லதண்ணியிலிருந்து இரவு பத்து மணிக்கு ஏறத் தொடங்கி, விடிந்ததும் மேற்குப் பக்கம் விழும் முக்கோண நிழலை எடுத்துவிட்டு இறங்கும்வரை டி3500க்கு ஒரே பெட்டரி போதுமாக இருந்தது. மேலே குளிரில் பெட்டரி சீக்கிரம் இறங்கும். மிரர்லெஸ் கொண்டுபோனபோது மூன்று பெட்டரி எடுத்துப்போனேன், இரண்டை உடம்புச் சூட்டில் சட்டைப் பைக்குள் வைத்திருந்தேன்.

ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. 2022 மார்ச் கடைசியில் நாட்டில் 13 மணித்தியாலம்வரை கரண்ட் வெட்டிய நாட்களில் டி3500இன் பெட்டரியைச் சார்ஜ் பண்ண வழியே இல்லை. அதோடு வந்தது சுவரில் செருகும் சார்ஜர்தான். ஏ6400ஐ பவர் பேங்கிலிருந்தே சார்ஜ் பண்ணலாம். மழைக்கு ஒரு மரம் விழுந்தாலே லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) கரண்ட் போய்விடுகிற இடத்தில் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

பாரத்தைப் பற்றி எல்லோரும் பெரிதாகச் சொல்வார்கள். பெட்டரியோடு டி3500 சுமார் 415 கிராம், ஏ6400 சுமார் 403 கிராம். வித்தியாசமே இல்லை! லென்ஸில்தான் மாறுகிறது. நிக்கோனின் 18-55 205 கிராம், சோனியின் 16-50 116 கிராம். ஆனால் பருமனில் மிரர்லெஸ் நிஜமாகவே சின்னது. கண்ணாடிக்கு இடம் வேண்டாம் என்பதால் லென்ஸ் பூட்டும் இடத்துக்கும் சென்சருக்கும் நடுவில் 18 மில்லிமீட்டர்தான். நிக்கோன் டிஎஸ்எல்ஆரில் அது 46.5. மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் வற்றிப் பழைய மஸ்கெலியாக் கோயில் வெளியே தெரிந்தபோது, ஜாக்கெட் பைக்குள் கமராவைப் போட்டுக்கொண்டு சேற்றில் நடந்து போய் வந்தேன். டிஎஸ்எல்ஆர் என்றால் தனியாக ஒரு பை வேண்டும். பெரிய கமராவைப் பார்த்தால் வயதானவர்கள் கொஞ்சம் விறைத்துப்போவார்கள். சின்னதற்கு அந்தப் பிரச்சினை குறைவு.

அந்த 18 மில்லிமீட்டருக்கு ஒரு விலையும் உண்டு. லென்ஸைக் கழற்றினால் சென்சர் அப்படியே திறந்து கிடக்கும். டிஎஸ்எல்ஆரில் முன்னால் கண்ணாடியும் ஷட்டரும் மறைத்திருக்கும். ஒருநாள் காற்றில் லென்ஸ் மாற்றினேன், சென்சரில் தூசி ஒட்டியது, அதற்குப் பிறகு எடுத்த ஒவ்வொரு வானத்திலும் ஒரு கறுப்புப் புள்ளி. இப்போது பஸ்ஸுக்குள்ளேயோ வீட்டிலோ மட்டும்தான் மாற்றுகிறேன், கமராவைக் கீழ்நோக்கிப் பிடித்துக்கொண்டு.

மழைக்கு இரண்டையும் நம்ப வேண்டாம். குளிரிலிருந்து அடுப்படிச் சூட்டுக்குள் வரும்போது கமராவைச் சொப்பின் பேக்கில் போட்டு இறுக்கிக் கட்டி, அரை மணித்தியாலம் விட்டுத் திறக்க வேண்டும். அப்போது ஈரம் பையின் மேல்தான் படியும், கண்ணாடியில் படியாது. மே தொடங்கி செப்டெம்பர்வரை தென்மேற்கு மழைக்காலம் முழுதும் கமராவை அலுமாரிக்குள் துணிகளோடு வைத்திருந்தேன். என் முதல் லென்ஸில் பூஞ்சணம் பிடித்ததற்கு அதுதான் காரணம். இப்போது மூடி இறுகிய பிளாஸ்டிக் பெட்டியும் சிலிக்கா ஜெல்லும். ஜெல் ஈரம் குடித்ததும் வாணலியில் மெல்லிய சூட்டில் வறுத்தெடுத்து மறுபடி போடுவேன்.

விலையைச் சொல்லாமல் விட முடியாது. 2022இல் டொலர் ஏறியதிலிருந்து புதுக் கமரா நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாமல் போய்விட்டது. டி3500ஐ நிக்கோன் இப்போது தயாரிப்பதுமில்லை. ஆகவே இரண்டில் எதை எடுத்தாலும் பாவித்ததாகத்தான் இருக்கும். அந்தச் சந்தையில் டிஎஸ்எல்ஆரும் அதன் லென்ஸ்களும் மலிவு. குருவி எடுக்க ஆசைப்படுகிறவர்களுக்கு, தூரத்தில் இருப்பதைக் கிட்ட இழுக்கும் 70-300 லென்ஸோடு ஒரு டிஎஸ்எல்ஆர் இன்றைக்கும் நல்ல தெரிவு. காலையிலிருந்து இரவுவரை சடங்கு வீட்டில் நின்று எடுத்துக் காசு பார்க்கிறவர்களுக்கும் அந்த 1550 படப் பெட்டரி கைகொடுக்கும்.

அக்கா மகன் எடுக்க நினைப்பது மனிதர்களை. அவன் பாட்டியை, அவளோடு வேலை செய்தவர்களை, அவர்கள் இருக்கும்போதே. அதனால் அவனுக்கு மிரர்லெஸ் என்றுதான் சொன்னேன், கூடவே ஒரு 35 எம்எம். வருகிற சனிக்கிழமை இரண்டு பேரும் கண்டிக்குப் போகிறோம். லென்ஸுக்குள் அடித்துப் பூஞ்சணம் பார்க்க டோர்ச் ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். சரியான கமரா கிடைக்கும்வரை என் டி3500 அவனிடம் இருக்கட்டும், ஒரு ஸ்டொப் கூட்டி வைத்துத்தான் கொடுத்திருக்கிறேன்.