மாமல்லபுரத்தில் மீன் சாப்பிடப் போகிறீர்களா? விலையை எழுதி வாங்குங்கள்

மாமல்லபுரத்தில் வாசலிலேயே ஐஸ் தட்டில் மீனை அடுக்கி வைத்து "நீங்களே பார்த்து எடுத்துக்கோங்க" என்று கூப்பிடும் ஹோட்டல்கள் இருக்கின்றன. அங்கே போகிறவர்கள் மீனைக் கை காட்டுவதற்கு முன்னால், கிலோவுக்கா, நூறு கிராமுக்கா, முழு மீனுக்கா என்று கேட்டு விலையை ஒரு தாளில் எழுதி வாங்கிவிடுங்கள். எல்லாக் கடையும் ஏமாற்றுகிறது என்று சொல்லவில்லை. எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

அம்மா, அப்பா, தங்கை, அவள் குழந்தைகள் என்று குடும்பமாகப் போயிருந்தோம். ஐந்து ரதம் பார்த்து முடித்து வெயிலில் வாடிப்போய் வெளியே வந்தால், ஆட்டோக்காரர் ஒருவர் "நல்ல மீன் கிடைக்கிற இடம் இருக்கு சார், நம்ம ஆளுதான்" என்று கூட்டிக்கொண்டு போனார். இறக்கிவிட்டவர் திரும்பிப் போகவில்லை, நேராகக் கல்லாவுக்குப் போய் நின்றார். அவருக்குப் போன கமிஷனும் எங்கள் பில்லில்தான் ஏறியிருக்கும்.

மெனுவில் மீனுக்கு நேரே 'சீசன் விலை' என்று மட்டும் போட்டிருந்தது. ஐஸில் கிடந்த கொடுவாவைக் காட்டி, அங்கே நின்ற கடைப் பையனிடம் என்ன விலை என்று கேட்டேன். "இருநூறு ரூபாதான் சார்." அப்பா விடாமல் "முழு மீனுமா?" என்றார். "ஆமா சார், முழுசா வறுத்துக் கொடுத்துடுவோம்." பதிலைக் கவனியுங்கள், கேட்டது விலை, சொன்னது சமையல். அம்மா செவுளைத் தூக்கிப் பார்த்தார், சிவப்பே இல்லை, பழுப்பாக இருந்தது. "ஐஸ்ல இருந்தா அப்படித்தாம்மா" என்று சொல்லிக்கொண்டே அந்தப் பையன் அடியிலிருந்து வேறொன்றை எடுத்தான். அது பரவாயில்லை, வால் மட்டும் ஒரு பக்கம் கிழிந்திருந்தது. சரி என்றோம். மீனை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள், எங்கள் கண் முன்னால் எடை போடவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்துத் தட்டு வந்தது. வால் முழுசாக இருந்தது! மீனும் நாங்கள் எடுத்ததில் பாதிதான். மேலே மசாலாவை அப்பி எலுமிச்சம்பழத்தைப் பிழிந்திருந்தார்கள், விரலால் தொட்டால் சதை கொழகொழவென்று குழைந்தது. ஒரு வாய் வைத்துவிட்டு அம்மா "இது நாம எடுத்த மீன் இல்லடா" என்றார்.

பில்லில் மீன் 1.4 கிலோ, நூறு கிராம் 200 ரூபாய், ஆக 2,800 ரூபாய் என்று இருந்தது, அதற்கு மேல் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ், அதற்கும் மேல் 5 சதவீதம் ஜிஎஸ்டி, இத்தனைக்கும் அந்தத் தாளில் ஜிஎஸ்டி எண்ணும் இல்லை, உணவு உரிம எண்ணும் இல்லை. கேட்டதற்குக் கல்லாவில் இருந்தவர் "சுத்தம் பண்ணினா பாதி போயிடும்மா" என்றார். "நாப்பது வருஷமா மீன் ஆயறவகிட்ட சொல்றியே தம்பி, குடலும் செதிலும் எடுத்தா பாதி மீனா போகும்?" என்று அம்மா திருப்பிக் கேட்டதும் ஆளிடம் பதில் இல்லை. தராசைக் காட்டச் சொன்னால், அது சமையல்கட்டில் இருக்கிறது, வெளியாட்கள் போகக்கூடாது என்றார்கள். கடைசியில் சர்வீஸ் சார்ஜை மட்டும் பில்லிலிருந்து நீக்கிக் கொடுத்தார்கள். பணம் அனுப்ப ஸ்கேன் பண்ணினால் கடைப் பெயர் வரவில்லை, யாரோ ஒரு தனி ஆளின் பெயர் வந்தது. குழந்தைகள் பசியில் அழ ஆரம்பித்துவிட்டதால் கட்டிவிட்டு எழுந்தோம். பில்லைப் படம் எடுத்து வைத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன்.

அங்கே வாக்குவாதம் செய்யும்போது கையில் இருக்கவேண்டிய விஷயங்கள் சில உண்டு. சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஜிஎஸ்டி வாங்கினால் பில்லில் 15 இலக்கப் பதிவு எண் இருக்கவேண்டும், தமிழ்நாட்டுக் கடை என்றால் அது 33 என்று தொடங்கும். மொத்த விற்பனையில் ஒரு சின்னச் சதவீதத்தைத் தாங்களே வரியாகக் கட்டும் காம்போசிஷன் முறையில் இருக்கும் சின்னக் கடைகள் வாடிக்கையாளரிடம் தனியாக ஜிஎஸ்டி வாங்கவே கூடாது. எஃப்எஸ்எஸ்ஏஐ என்கிற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணும் பில்லில் வேண்டும். வியாபாரத்துக்கு வைத்திருக்கும் மின்னணுத் தராசை வருடாவருடம் சரிபார்த்து முத்திரை வாங்கவேண்டும், தமிழ்நாட்டில் அதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. வாடிக்கையாளருக்குக் காட்டமாட்டேன் என்கிற தராசில் எடை போட்ட மீனை வாங்கவே வாங்காதீர்கள்.

அப்போ எங்கேதான் சாப்பிடுவது? மதியம் என்றால் மீன் குழம்புச் சாப்பாடு போடும் சின்ன மெஸ்கள்தான் என் கணக்கில் நல்லது. வறுவல் துண்டு இவ்வளவு என்று பலகையில் எழுதியிருக்கிறதா, கல் செதுக்கும் பட்டறைக்காரர்கள், பஸ் டிரைவர்கள் என்று தினமும் அங்கேயே சாப்பிடுகிறவர்கள் உட்கார்ந்திருக்கிறார்களா என்று பாருங்கள். தினம் வருகிறவனை ஏமாற்றினால் நாளைக்குக் கடை காலி என்று அவர்களுக்குத் தெரியும். முழு மீன்தான் வேண்டும் என்றால் உங்கள் முன்னால் எடை போடச் சொல்லி, தராசின் எண்ணோடு மீனையும் சேர்த்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். முகம் சுளித்தால் அடுத்த கடைக்கு நடந்துவிடுங்கள்.

அப்புறம் கோடை விடுமுறையில் போகிறவர்களுக்கு ஒன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. நாட்டுப்படகுக்காரர்கள் மட்டும்தான் கடலுக்குப் போவார்கள். அந்த நேரத்தில் தட்டு நிறையப் பெரிய பெரிய வஞ்சிரத்தை அடுக்கி வைத்துக்கொண்டு "காலைல நம்ம கடல்ல பிடிச்சது சார்" என்று யாராவது சொன்னால், முதலில் செவுளைத் தூக்கிப் பாருங்கள்.